இரைச்சல் நீக்கம்

மழையைத் தவிர மற்றதையெல்லாம்
அழிப்பது என் வேலை.
எஸ்டோனியாவில், வில்யாண்டிக்கு வடக்கே ஒரு மேட்டில்
வெள்ளைப் பந்தைத் தலையில் சுமந்து நிற்கும் கோபுரம்.
பந்துக்குள் ஓயாமல் சுற்றும் ரேடார்.
அடியில் நான், ஒரு மின்கணப்பு,
பதினாறு வருட இரவுப்பணி.

காடு எதிரொலித்தால் அழி.
காற்றாலை எதிரொலித்தால் அழி.
செப்டம்பரில், இருட்டி அரைமணி கழித்து
திரை நடுவே விரியும் நீல வட்டத்தை
ஏன் என்று கேட்காமல் அழி.
கையேட்டில் அதற்குப் பெயர்
உயிரியல் இரைச்சல்.

நல்ல வடிகட்டி எங்களுடையது.
காற்றை முந்திப் போகும் எதுவும்
மழையாக இருக்க முடியாது என்பது அதற்குத் தெரியும்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை
தாலினிலிருந்து புது மென்பொருள் ஏற்றினார்கள்.
வடிகட்டி செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை.
ஒன்பதரைக்குத் திரை முழுக்க மழை.
எச்சரிக்கை தானாகவே கிளம்பி
ஊர் ஊராகப் போய்த் தொலைபேசிகளை எழுப்பியது.

பத்தேகாலுக்கு ஓர் அழைப்பு. ராய்வோ என்றார்.
"நாலு டிரெய்லர் உருளைக்கிழங்கு.
தார்ப்பாய் இழுத்து இழுத்து முதுகு போச்சு.
எங்கே உங்க மழை?
இங்கே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு."

வேகத்தைப் பார்த்தேன்.
காற்று மெல்ல நடந்துகொண்டிருந்தது.
மழை அதைத் தாண்டித் தென்மேற்கே ஓடியது.

"மன்னிக்கணும், அது மழை இல்லை," என்றேன்.
"பறவைகள்."

திட்டுக்குக் காத்திருந்தேன்.
அந்தப் பக்கம் டிராக்டரை அணைக்கும் சத்தம்.
பிறகு அவர் கேட்டார்:
"எத்தனை?"

பதினாறு வருடம்
கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டியதை
முதல்முறையாக
கூட்டிப் பெருக்கிப் பார்த்தேன்.
"இந்த வட்டத்துக்குள்ள மட்டும்
இருபது லட்சம் இருக்கலாம்."

அவர் எதுவும் சொல்லவில்லை.
இருவரும் தொலைபேசியை வைக்கவுமில்லை.

மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
ஒன்றும் தெரியவில்லை. வெறும் வானம், குளிர்.
ஏமாந்து திரும்பும்போது
துணியில் ஊசி நுழைவதுபோல்
ஸீ என்று ஒரு குரல்.
கொஞ்சம் தள்ளி இன்னொரு தையல்.
செவ்விலாப் பூங்குருவி,
என்றது வாய்,
என்னைக் கேட்காமலே.

பதினோரு வயதில் எனக்கு
முப்பது குரல்கள் தெரியும்.
எந்த வருடம் விட்டுப்போனது?
சாவியைத் தொலைத்தவள்போல
சட்டைப்பைகளைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

உயர உயரப் பறந்தாலும்
ஊர்க்குருவி பருந்தாகாதாம்.
பருந்து தூங்குகிற நேரத்தில்
கோபுரத்துக்கு மேலே பத்துக் கோபுர உயரத்தில்
பதினாறு கிராம் போய்க்கொண்டிருக்கிறது.
என் காப்பியில் விழும் நாலு சர்க்கரைக் கட்டி.
அதற்குள் ஓர் இதயம், ஒரு திசை,
அடுத்த புதர்வரைக்கும் கொழுப்பு.

காலையில் வடிகட்டியை மாற்றினார்கள்.
'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று
கையெழுத்துப் போட்டேன்.
மூலையில் ஒரு சின்னச் சாளரத்தை மட்டும்
வடிகட்டாமல் திறந்து வைத்திருக்கிறேன்.
மேலதிகாரிக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ராய்வோ தினமும் அழைத்தார்.
"இன்னைக்கு மழை எப்படி?"
"கனமழை."
"இன்னைக்கு?"
"தூறல்தான். வடக்கே உறைபனி, நாளை கொட்டலாம்."
கிழங்கைப்பற்றி அவர் பேசவே இல்லை.

அக்டோபர் கடைசியில், நள்ளிரவு தாண்டி:
"ஹெல்வே, ஒரு துளி என் ஜன்னல்ல மோதிடுச்சு.
ரொட்டி டப்பாவுல வச்சிருக்கேன்.
மூச்சு இருக்கு. என்ன செய்ய?"
"மூடியில ஓட்டை போடுங்க. இருட்டுல வைங்க.
உள்ளே தத்துற சத்தம் கேட்டா
வெளியே கொண்டுபோய்த் திறந்துட்டு
தள்ளி நில்லுங்க."

மூன்றரைக்கு ஒரு குறுஞ்செய்தி: போயிடுச்சு.

ஒற்றைப் பறவையை எங்கள் ரேடார்
இந்தத் தூரத்தில் காட்டாது.
அது எனக்கு நன்றாகத் தெரியும்.
நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்து
அவர் வயல் இருக்கும் இடத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.